சாம்பலின் பங்கீடு

1

செங்கல் சூளைத் தொழிலாளர்களின் கூலிப் பிரச்சினைக்காக நடந்த ஒரு கூட்டத்துக்குப் போஸ்டர் போட்டோம். சூளையில் கல் சுமக்கும் ஓர் அம்மாவின் முகம். போனில் எடுத்த கலர்ப் படம்தான். கறுப்பு வெள்ளையாக மாற்றி, கான்ட்ராஸ்ட்டை எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றினோம். கண்குழியில் கறுப்பு, நெற்றிச் சுருக்கத்தில் கறுப்பு, முக்காட்டு மடிப்பில் கறுப்பு. மற்றதெல்லாம் தாளின் வெள்ளை. சுவரில் ஒட்டிப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. 'பவர்ஃபுல்லா இருக்கு தோழர்' என்று சொன்னவர்களில் நானும் ஒருவன்.

கூட்டத்துக்கு வந்த அந்த அம்மா போஸ்டர் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். "இது யாரு தம்பி?" என்றார். சொன்னோம். சிரித்துவிட்டு, "என்னய வெள்ளக்காரி ஆக்கிட்டீங்களேய்யா" என்று சொல்லிக் கூட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அது கேலியா குறையா என்று தெரியவில்லை. ஆனால் நமது காட்சி அழகியல் பற்றிய விமர்சனம் என்ற வகையில் அந்த ஒரு வாக்கியம் போதும். நான் எழுதப்போவது அதற்கான உரை மட்டுமே.

கறுப்பு வெள்ளை உண்மையானது, கலர் சந்தையுடையது என்று நம்மிடையே எழுதப்படாத ஒரு விதி இருக்கிறது. அந்த விதிக்கு ஒரு துணைவிதியும் உண்டு: கறுப்பு எவ்வளவு கறுப்போ, வெள்ளை எவ்வளவு வெள்ளையோ, அவ்வளவு போராட்டம். கோபம், பசி, வன்முறை, எதிர்ப்பு எல்லாமே அதிக கான்ட்ராஸ்ட்டில் வந்தால்தான் நம்புகிறோம். இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? போனில் விரலால் தள்ளுகிற அந்தக் கோட்டுக்குப் பின்னால் ஒரு பழைய தொழில் இருக்கிறது. இருட்டறையில் வெளிச்சத்தையும் தாளையும் கையில் வைத்துக்கொண்டு செய்த தொழில். அந்த அம்மாவின் முகத்துக்கு நாங்கள் என்ன செய்தோம் என்று புரிந்துகொள்ள அங்கேதான் போக வேண்டியிருக்கிறது.

2

என் மாமா தென்மாவட்டத்துச் சிறுநகரம் ஒன்றில் ஸ்டுடியோ வைத்திருந்தார். 1990களின் கடைசியில்கூட பாஸ்போர்ட் சைஸ் படங்களை அவர் கறுப்பு வெள்ளையில்தான் போட்டார். பள்ளி விடுமுறையில் அவருடைய இருட்டறையில் நிற்பேன். சிவப்பு பல்பு, மூன்று ட்ரே, ஹைப்போ வாசனை. அலமாரியில் பேப்பர் டப்பாக்கள். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' பேப்பர். அந்த ஆலை இப்போது மூடப்பட்டுவிட்டது. மாமாவிடம் எப்போதும் இரண்டு வகைதான் இருக்கும்: நார்மல், ஹார்டு.

எந்த நெகடிவை எந்தப் பேப்பரில் போடுவது என்பதற்குப் புத்தகங்கள் ஒரு விதி சொல்லும். நெகடிவ் சப்பென்று இருந்தால் ஹார்டு, முறுக்காக இருந்தால் சாஃப்ட். மாமாவின் விதி வேறு. "மாப்ள, கறுத்த ஆளுங்கள ஹார்டுல போட்டுரு. டயத்த மட்டும் கொறைச்சுக்க. மூஞ்சி பளிச்சுனு வந்துரும், முடியும் மீசையும் கறுப்பாவே நிக்கும்."

இது சாதாரண வித்தையில்லை. நார்மல் பேப்பரில் வெளிச்சம் காட்டும் நேரத்தைக் குறைத்தால் முகம் வெளுக்கும், கூடவே முடியும் சாம்பலாகிவிடும்; படம் வெளிறிப்போய்ப் பிழை வெளியே தெரியும். ஹார்டு பேப்பரில் அப்படியில்லை. அதில் வெள்ளையிலிருந்து கறுப்புக்குப் போகும் படிகள் குறைவு, ஒவ்வொரு படியும் செங்குத்து. கன்னத்தின் மாநிறம் அப்படியே வெள்ளைப் பக்கம் சரிந்துவிடும். முடி கறுப்புப் பக்கத்தில் பத்திரமாக நிற்கும். படம் முழுசாக இருக்கிற மாதிரியே இருக்கும். இல்லாமல் போனது ஆளின் நிறம் மட்டும்தான்.

போதாததற்கு 'டச்சிங்' உண்டு. கூராகச் சீவிய பென்சிலால் நெகடிவின் மேல் மெல்லிய கோடுகள் இழுப்பது. நெகடிவில் எங்கே கறுப்பு ஏறுகிறதோ, பிரிண்டில் அங்கே வெளுக்கும். கண்ணுக்குக் கீழே, மூக்கின் ஓரத்தில், தாடையில். பெண் பார்க்க அனுப்பும் போட்டோவுக்கு டச்சிங் இல்லாமல் மாமா விட்டதே கிடையாது. 'கொஞ்சம் வெளுப்பா வரணும்ணே' என்று கேட்டு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கேட்காதவர்களுக்கும் மாமா அதைச் செய்தார், ஒரு மரியாதையாக. சாதியும் சம்பந்தமும் நிறத்தை வைத்து எடைபோடுகிற சமூகத்தில், இருட்டறை என்பது சமூகத்துக்கு வெளியே இருக்கிற அறையல்ல.

இப்போது போஸ்டருக்கு வருவோம். மாமா செய்ததற்கும் நாங்கள் செய்ததற்கும் நோக்கத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அவர் ஒரு பெண்ணைச் சந்தைக்குத் தயார் செய்தார். நாங்கள் ஒரு பெண்ணை வரலாற்றுக்குத் தயார் செய்வதாக நினைத்தோம். வித்தை ஒன்றுதான். இரண்டு இடத்திலும் மாநிறத்துக்கு இடமில்லை.

3

போட்டோ பேப்பரால் தர முடிந்தது மிகக் குறைவு. அதன் அடர்ந்த கறுப்புக்கும் வெறும் தாளின் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம் சுமார் நூறு மடங்குதான். வெயிலும் நிழலுமாக இருக்கிற ஒரு தெருவின் வெளிச்ச வித்தியாசம் அதைவிடப் பல மடங்கு. நெகடிவ் அதில் பெரும்பகுதியைத் தாங்கும். தாள் தாங்காது. ஆகவே, பிரிண்ட் போடுவது என்பது அடிப்படையில் ஒரு பங்கீடு. கையில் இருக்கிற கொஞ்சச் சாம்பலை யாருக்குக் கொடுப்பது? வெளிச்சத்தில் இருப்பவர்களுக்கு இடையிலான நுட்பங்களைக் காட்டச் செலவழிப்பதா, நிழலில் இருப்பவர்களுக்கா? இரண்டுக்கும் முழுசாகக் கொடுக்க முடியாது. கான்ட்ராஸ்ட் என்பது இந்தப் பங்கீட்டின் பெயர்.

கிரேடு பேப்பர் காலத்தில் பங்கீட்டை ஆலையே செய்து டப்பாவில் அடைத்து அனுப்பியது. ஒரு டப்பா, ஒரு சட்டம். தாளின் மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரை அதே சட்டம். 1940-இல் இங்கிலாந்தின் இல்ஃபோர்ட் கம்பெனி மல்டிகிரேடு என்ற பேப்பரைக் கொண்டுவந்தது. எஃப். எஃப். ரென்விக் என்ற ஆய்வாளரின் உழைப்பு அது. ஒரே தாள்; வெளிச்சத்தின் நிறத்தை மாற்றினால் கிரேடு மாறும். என்லார்ஜரில் மஞ்சள் ஃபில்டர் வைத்தால் படம் சாஃப்ட்டாக வரும், மெஜந்தா வைத்தால் ஹார்டாக வரும். இன்று அந்த ஃபில்டர்கள் 00-இலிருந்து 5 வரை அரை அரைப் படியாக 12 கிடைக்கின்றன. கறுப்பு வெள்ளைப் படத்தின் தலைவிதியை நிறம் தீர்மானிக்கிறது என்பதே ஒரு நல்ல முரண்.

இது எப்படி நடக்கிறது என்பதற்குச் சாதாரணமாகச் சொல்லப்படும் விளக்கம்: தாளில் ஹார்டு எமல்ஷன் ஒன்று, சாஃப்ட் எமல்ஷன் ஒன்று என்று இரண்டு பூச்சு இருக்கிறது, நீல வெளிச்சம் முதலாவதை எழுப்பும், பச்சை வெளிச்சம் இரண்டாவதை எழுப்பும். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். கேட்க வசதியாக இருக்கிறது. பிறவியிலேயே முரடு ஒன்று, பிறவியிலேயே சாது ஒன்று. வர்ணாசிரம விளக்கம்.

இன்றைய மல்டிகிரேடு தாளில் நடப்பது அதுவல்ல. அதில் கலந்திருப்பவை மூன்று எமல்ஷன்கள். மூன்றும் இயல்பில் ஏறக்குறைய ஒன்றே. வெள்ளி உப்பு தன்னியல்பாக நீலத்துக்கு மட்டும் மசியும். மூன்றும் நீலத்துக்கு ஒரே வேகத்தில் மசிகின்றன. வித்தியாசம் ஒன்றில்தான் இருக்கிறது. பச்சையை உணரச்செய்யும் சாயம் மூன்றிலும் வெவ்வேறு அளவில் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே பச்சைக்கு ஒன்று சீக்கிரம் எழும், ஒன்று தாமதமாக எழும், இன்னொன்று அதற்கும் தாமதமாக.

மஞ்சள் ஃபில்டர் நீலத்தை நிறுத்திவிட்டுப் பச்சையை அனுப்புகிறது. மூன்றும் தத்தம் வேகத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கறுக்கின்றன. வெளிச்சம் கூடக்கூடப் படிப்படியாகக் கறுப்பு ஏறுகிறது. அந்தப் படிகள்தான் சாம்பல். மெஜந்தா பச்சையை நிறுத்திவிட்டு நீலத்தை அனுப்புகிறது. மூன்றும் ஒரே நேரத்தில், ஒரே குரலில் பதில் சொல்கின்றன. படிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து செங்குத்தாகிவிடுகின்றன. அதுதான் ஹார்டு.

கடினம் எந்தத் துகளின் சுபாவமும் இல்லை. துகள்களுக்கு இடையிலான வித்தியாசம் அழிக்கப்படும்போது உண்டாகும் விளைவு. சாம்பல் எந்தத் துகளின் மிதவாதமும் இல்லை. வித்தியாசங்கள் செயல்பட விடப்படும்போது உண்டாகும் விளைவு. பொருள் தனித்தனிக் குறிகளில் இல்லை, வேறுபாடுகளில் இருக்கிறது என்று சசூர் மொழியைப் பற்றிச் சொன்னதை நாம் பக்கம் பக்கமாக எழுதித் தீர்த்திருக்கிறோம். ஒரு ட்ரேயில் டெவலப்பரை ஊற்றினால் அது கண்ணெதிரே நடக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இல்ஃபோர்ட் ஃபில்டர்களில் 00 முதல் 3½ வரை வெளிச்சம் காட்டும் நேரம் ஒன்றே. 4-க்கு மேல் போனால் நேரம் இரட்டிப்பாகும். ஒரே குரலில் பதில் வரவழைக்கக் கூடுதல் வெளிச்சத்தைச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. இயக்க அனுபவம் உள்ளவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. உவமையையும் இதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும்.

4

நமது காலத்தின் மிகப் பிரபலமான கிரேடு 5 முகம் சே குவேராவுடையது. 1960 மார்ச் 5-ஆம் தேதி, ஹவானாவில், லா கூப்ரெ கப்பல் வெடிவிபத்தில் செத்தவர்களுக்கான அஞ்சலிக் கூட்டத்தில் அல்பெர்த்தோ கோர்தா எடுத்த படம். அந்த நெகடிவில் சே மட்டும் இல்லை. ஒரு பக்கம் இன்னொருவரின் பக்கவாட்டு முகம், மறுபக்கம் பனையோலை. பின்னால் வெளுத்த சாம்பல் வானம். சேயின் முகத்திலும் சாம்பல் இருக்கிறது, நிறைய. துக்கமும் கோபமும் அசதியும் பிரிக்க முடியாமல் கலந்த சாம்பல். 1968-இல் அயர்லாந்து ஓவியர் ஜிம் ஃபிட்ஸ்பாட்ரிக் அதைச் சிவப்பில் கறுப்பாக இரண்டே தொனியில் வரைந்தார். பக்கத்து ஆள் போனார், ஓலை போயிற்று, வானம் போயிற்று, சாம்பலும் போயிற்று. பிறகு அந்த முகம் உலகத்தின் எல்லாச் சுவருக்கும் எல்லா பனியனுக்கும் போய்ச் சேர்ந்தது.

இரண்டு தொனிக்கு வந்ததால்தானே சுவருக்குப் போக முடிந்தது என்று ஒரு தோழர் கேட்பார். நியாயமான கேள்வி. கான்ட்ராஸ்ட் முதலில் அழகியல் இல்லை, பொருளாதாரம். ஸ்டென்சிலுக்குச் சாம்பல் தெரியாது. சில்க் ஸ்கிரீனுக்கும் லினோ கட்டைக்கும் ஜெராக்ஸ் மிஷினுக்கும் தெரியாது. சிறுபத்திரிகை அட்டையில் சாம்பலைக் கொண்டுவர நல்ல பிளாக், நல்ல காகிதம், நல்ல அச்சகம் வேண்டும். மூன்றுக்கும் காசு வேண்டும். ஏழையின் ஊடகம் ஹார்டாகத்தான் இருக்கும். தெருவின் அந்தக் கோடியிலிருந்து பார்க்க வேண்டிய படம் ஹார்டாகத்தான் இருக்க வேண்டும்.

இதில் எனக்கு மறுப்பு கிடையாது. எனது மறுப்பு, தேவை ரசனையாக மாறிய இடத்தில் தொடங்குகிறது. சாம்பலைக் காட்ட வசதி இருக்கும்போதும் நாம் சாம்பலை எடுத்துவிடுகிறோம். எங்கள் போஸ்டர் டிஜிட்டலில் அச்சானது. அந்த அம்மாவின் முகத்தில் இருந்த அத்தனை பழுப்பையும் அதே செலவில் அச்சடித்திருக்கலாம்.

இந்த மாற்றத்தை ஒரே மனிதரின் வேலையில் பார்க்கலாம். பில் பிராண்ட் 1930களில் இங்கிலாந்தின் வர்க்கச் சமூகத்தைப் படம் எடுத்தவர். 1937-இல் வடக்கே போய்ச் சுரங்கத் தொழிலாளர்களையும், வேலையிழந்து கழிவு மேட்டில் கரி பொறுக்கப் போனவர்களையும் எடுத்தார். ஜாரோ ஊருக்குக் கரிமூட்டையோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பும் ஆள் அதில் ஒருவர். அந்தக் காலத்துப் பிரிண்டுகளில் இருட்டு உண்டு. ஆனால் அது புகைமூட்டம் படிந்த, சாம்பல் நிறைந்த இருட்டு. போருக்குப் பிறகு பிராண்டின் ரசனை மாறியது. பழைய நெகடிவ்களையே எடுத்துக் கடுமையான கறுப்பு வெள்ளையில் மறுபடி பிரிண்ட் போட்டார். கல் பாவிய சந்து ஒரு டிசைனாயிற்று. ஆள் ஒரு வடிவமானான். அந்தப் பிரிண்டுகள் அழகானவை, மறுக்கவில்லை. ஆனால் அதே நெகடிவ், அதே ஆள், அதே மூட்டை. முதல் பிரிண்டில் இருந்த புகையும் ஈரமும் பின்னால் வந்ததில் இல்லை. வேலையின்மையின் வானிலை போய்விட்டது, வேலையில்லாதவனின் நிழலுருவம் நின்றுவிட்டது.

நெகடிவ் ஒரு பிரதி. பிரிண்ட் ஒரு வாசிப்பு. பிராண்ட் தன் பிரதியைத் தானே மறுவாசிப்புச் செய்தார். அந்த வாசிப்பில் யார் காணாமல் போனார்கள் என்று கேட்பதே நமது வேலை.

5

அப்படியானால் சாம்பலைக் கொண்டு எதிர்ப்பைச் சொல்ல முடியுமா? முடியும் என்பதற்கு என்னிடம் உள்ள சாட்சி ராய் டிகராவா.

அதற்கு முன் ஒரு அட்டவணையைப் பார்த்துவிடலாம். ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டி லாஸ் ஏஞ்சலஸில் 'ஸோன் சிஸ்டம்' என்ற முறையை வகுத்தார்கள். முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 10, நடுச்சாம்பல் 5. எந்தப் பொருள் எந்தப் படியில் வரும் என்று உதாரணங்களும் உண்டு. சராசரி வெள்ளையரின் தோலுக்கு 6-ஆம் படி. கறுத்த தோலுக்கு 5, வெயில்பட்டுப் பழுத்த மரத்தோடும் சாம்பல் நிறக் கல்லோடும். அத்தனை விதமான கறுப்புக்கும் மாநிறத்துக்கும் ஒரே படி. ஹார்டு பேப்பரில் முதலில் கிழிபடுவதும் அந்த நடுப்படிதான். அங்கே ஒரு நூலிழை மட்டும் சாம்பலாக இருக்கும்; அந்தப் பக்கம் ஒரு மயிரிழை போனால் கறுப்பு, இந்தப் பக்கம் போனால் வெள்ளை. ஏதாவது ஒரு பக்கம் சேர்ந்தாக வேண்டும்.

டிகராவா 1919-இல் ஹார்லெமில் பிறந்தவர். ஓவியமும் அச்சுக்கலையும் படித்துவிட்டு கேமராவுக்கு வந்தவர். 1952-இல் குகன்ஹைம் நல்கை பெற்ற முதல் கறுப்பினப் புகைப்படக்காரர். 1955-இல் லாங்ஸ்டன் ஹியூஸின் எழுத்தோடு ஹார்லெம் வாழ்க்கையைப் புத்தகமாக்கினார். தன் பிரிண்டுகளைத் தானே போட்டார். அவர் செய்தது கறுப்பு மக்களை 'நன்றாகத் தெரியும்படி' வெளிச்சத்துக்கு இழுத்து வருவது அல்ல. இருக்கிற கொஞ்சப் படிகளை எடுத்து இருட்டின் பக்கம் அடுக்கினார்.

1963 ஆகஸ்டில் வாஷிங்டனில் நடந்த குடியுரிமைப் பேரணியில் அவர் எடுத்த ஒரு படம், மிசிசிப்பியிலிருந்து வந்த இளம்பெண்ணின் முகம். கூட்டத்தின் நடுவே, மிகக் கிட்டத்தில். உயர்த்திய கை இல்லை, திறந்த வாய் இல்லை, பதாகை இல்லை. அவளுடைய வெளிர்ச் சட்டைகூடத் தாளின் வெள்ளையைத் தொடவில்லை, சாம்பலுக்கு இறக்கப்பட்டிருக்கிறது. முகம் இருட்டில் இருக்கிறது. ஆனால் அந்த இருட்டுக்குள் நெற்றி வேறு, கன்னம் வேறு, கண்ணிமை வேறு. முதல் பார்வைக்கு எதுவும் தெரிவதில்லை. நின்று பார்க்க வேண்டும். கண் பழகப்பழக முகம் வருகிறது. வந்தபின் அது போவதில்லை.

கறுப்பு என்பது ஒரு நிறமில்லை, ஒரு பிரதேசம். அதற்குள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்று அந்தப் பிரிண்ட் சொல்கிறது. ஆகவே சாம்பலை நடுநிலை என்று தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டிகராவா நடுவில் நிற்கவில்லை. பங்கீட்டில் அவர் முழுக்கக் கறுப்பின் பக்கம் நிற்கிறார். வெள்ளைக்குள் இருக்கிற நுட்பங்களுக்கு அவர் ஒரு படியைக்கூடச் செலவழிக்கவில்லை.

நமது முற்போக்குக் கதைகளை நினைத்துப் பாருங்கள். பண்ணையாருக்கு மனச்சிக்கல் இருக்கும், அவர் மகனுக்குக் காதல் இருக்கும், வாத்தியாருக்குக் குற்றவுணர்வு இருக்கும். கூலிக்காரனுக்குக் கோபம் மட்டும் இருக்கும். படிகளையெல்லாம் வெளிச்சத்தில் இருப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டு, அடியில் இருப்பவர்களை ஒரே கறுப்பாக அடித்துவிட்டு, அதற்கு யதார்த்தவாதம் என்று பெயர் வைத்தோம். தலித் எழுத்து வந்து செய்த காரியங்களில் முக்கியமானது, அந்த ஒற்றைக் கறுப்புக்குள் படிகளை ஏற்றியது. சேரிக்குள் பொறாமையும் கிண்டலும் ஆசையும் துரோகமும் உண்டு என்று எழுதியபோது 'இதெல்லாம் ஒற்றுமையைக் கெடுக்கும்' என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அவர்கள் கையில் மெஜந்தா ஃபில்டர் இருந்தது.

6

மல்டிகிரேடு தாளில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே படத்துக்கு இரண்டு தடவை வெளிச்சம் காட்டுவது. முதலில் 00 ஃபில்டரில், வெளிர்ப் பகுதிகளுக்குத் தேவையான அளவு. பிறகு தாளை அசைக்காமல் 5 ஃபில்டரில், கறுப்புக்குத் தேவையான அளவு. இரண்டு நேரங்களின் விகிதம்தான் கிரேடு. நடுவில் கையால் மறைத்து, ஒரு மூலையை சாஃப்ட்டாகவும் இன்னொரு மூலையை ஹார்டாகவும் போடலாம். கிரேடு பேப்பரில் இதற்கு வழியில்லை. ஒரே தாளில் ஒரே சட்டம் என்ற கட்டாயம் இங்கே உடைகிறது.

நண்பர் ஒருவரிடம் இந்தப் பேப்பரும் ஃபில்டர்களும் இருந்தன. மாமாவின் நெகடிவ் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். 1986-இல் எடுத்தது; என் சித்தி, பெண் பார்க்க அனுப்பிய படம். எங்கள் வீட்டுச் சுவரில் அதன் பிரிண்ட் ரொம்ப வருஷம் தொங்கியது. ஹார்டு பேப்பரில், வெண்ணெயால் செய்த மாதிரி ஒரு முகம். சின்ன வயதில் அது சித்தி என்று எனக்குத் தெரியாது. யாரோ நடிகை என்று நினைத்திருந்தேன்.

00 ஃபில்டரில் நிறைய நேரம் கொடுத்தேன். 5-இல் கொஞ்சம், முடிக்கும் கண்ணுக்கும் மட்டும். டெவலப்பரில் தாளைப் போட்டதும் முடி வந்தது, கண் வந்தது, பிறகு மெதுவாகக் கன்னம். நாங்கள் அறிந்த சித்தியின் நிறத்தில். கூடவே இன்னொன்றும் வந்தது. கன்னம் முழுக்க, கண்ணுக்குக் கீழே, தாடையில், மெல்லிய வெள்ளைக் கோடுகள். நூற்றுக்கணக்கில். மாமாவின் பென்சில். ஹார்டு பேப்பரில் கன்னமும் வெள்ளை, கோடும் வெள்ளை. இரண்டும் தெரியாமல் ஒன்றாகியிருந்தன. கன்னத்துக்கு நிறம் திரும்பியதும் அதன் மேல் செய்யப்பட்ட வேலையும் தெரிந்துவிட்டது. சாம்பல் முகத்தை மட்டும் காட்டவில்லை. முகத்துக்கு என்ன செய்யப்பட்டது என்பதையும் காட்டியது.

மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "என் தங்கச்சிதான். நான்தான் போட்டேன்" என்றார். பிறகு, "ஸ்பிரிட்ட பஞ்சுல தொட்டு நெகடிவ லேசா தொடச்சா கோடு போயிரும் மாப்ள. தொடச்சுட்டுப் போடு, நல்லா வரும்."

துடைத்தால் சித்தி வருவார், மாமா போய்விடுவார். துடைக்காவிட்டால் இருவரும் இருப்பார்கள். நெகடிவ் என் மேஜையில் இருக்கிறது. துடைப்பதா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவர் சித்தி. செங்கல் சூளை அம்மாவிடம் போஸ்டர் அடிப்பதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் அதுதான்.